சாணக் கலனில் கரி போட்டால் எரிவாயு கூடுமா? கூடினால் எங்கிருந்து?

சாண எரிவாயுக் கலனில் கொஞ்சம் கரித்தூளைக் கலந்தால் எரிவாயு கூடும் என்ற செய்தி சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு செய்தியில் 5 சதவீதம் கூடியதாக இருக்கும். இன்னொன்றில் இரு மடங்கானதாக இருக்கும். எதுவும் கூடவில்லை, உள்ளதும் குறைந்தது என்றும் சில ஆய்வுகள் சொல்லும். படிப்பவருக்கு முதலில் வரும் சந்தேகம், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்பதுதான். பெரும்பாலும் அப்படி இல்லை. மூன்றும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்பதைக் கரியை ஆராய்ந்து கண்டுபிடிக்க முடியாது. கரி விழும் கலன் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தால்தான் விளங்கும்.

கலனுக்குள் நடக்கும் நான்கு வேலைகள்

காற்றுப் புகாத கலனில் சாணத்தைக் கரைத்து ஊற்றினால், அதிலுள்ள நுண்ணுயிரிகள் ஒன்றின் கழிவை இன்னொன்று உணவாக்கிக்கொண்டு படிப்படியாக அதைச் சிதைக்கின்றன. கடைசியில் வரும் எரிவாயுவில் 50 முதல் 70 சதவீதம் வரை மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடும் நீராவியும் கொஞ்சம் இருக்கும். எரிவது மீத்தேன் மட்டுமே என்று வைத்துக்கொள்ளலாம்.

1. கரைதல். நார், புரதம், கொழுப்பு போன்ற பெரிய மூலக்கூறுகளை நொதிகள் வெட்டி, நீரில் கரையும் சிறு துண்டுகளாக்குகின்றன.
2. அமிலமாதல். அந்தத் துண்டுகளை உண்ணும் பாக்டீரியாக்கள் புரோப்பியானிக், பியூட்டிரிக் போன்ற கொழுப்பு அமிலங்களை வெளியிடுகின்றன.
3. அசிட்டிக் அமிலமாதல். வேறொரு கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது.
4. மீத்தேனாதல். பாக்டீரியா இனத்தில் சேராத ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகள், அசிட்டிக் அமிலத்தைப் பிளந்தோ, ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் இணைத்தோ மீத்தேனை உண்டாக்குகின்றன.

முதல் இரண்டு கூட்டத்தாரும் வேகமாகப் பெருகுபவர்கள். முரட்டுச் சூழலையும் தாங்குவார்கள். கடைசி இரண்டும் நேர்மாறு. மீத்தேன் ஆர்க்கியாக்களில் சில, எண்ணிக்கையில் இரட்டிப்பாகவே நாட்கணக்கில் எடுத்துக்கொள்ளும். கரைசலின் அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் அளவு 7-ஐ ஒட்டி இருந்தால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே கலனில் நெரிசல் ஏற்பட்டால் இரண்டில் ஓரிடத்தில்தான் ஏற்படும். நார் கரைய மறுத்து முதல் கட்டத்திலேயே தேங்குவது ஒன்று. அமிலம் மளமளவென்று உற்பத்தியாகி, அதைத் தீர்ப்பவர்கள் திணறி, மூன்றாம் நான்காம் கட்டங்களில் தேங்குவது மற்றொன்று.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். கரியால் ஆகும் உதவி ஏறக்குறைய முழுவதும் இரண்டாம் வகை நெரிசலுக்குத்தான். பசுஞ்சாணத்தில் மிஞ்சியிருக்கும், லிக்னின் (செடிக்கு விறைப்புத் தரும், எளிதில் சிதையாத பொருள்) படிந்த நாரைக் கரி கரைக்காது.

மூன்றாம் கட்டத்தின் விசித்திரம்

கரி ஏன் பேசுபொருளானது என்பது மூன்றாம் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது. சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

புரோப்பியானிக் அமிலத்தை அசிட்டிக் அமிலமாக்கும் வினை, சாதாரணச் சூழலில் தானாக நடக்காது. அதைச் செய்யும் பாக்டீரியாவுக்கு ஆற்றல் கிடைப்பதற்குப் பதிலாகச் செலவாகும். அந்த வினையில் வெளிவரும் ஹைட்ரஜனை யாராவது உடனுக்குடன் அப்புறப்படுத்தினால் மட்டுமே கணக்கு லாபத்துக்குத் திரும்பும். ஹைட்ரஜனின் அழுத்தம் காற்றழுத்தத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாக வேண்டும். அப்புறப்படுத்துவது யார்? மீத்தேன் ஆர்க்கியாதான். ஆக, ஒருவர் இல்லாமல் மற்றவர் பிழைக்க முடியாத கூட்டுத்தொழில் இது.

இந்தக் கூட்டு 1967-இல்தான் தெளிவாக வெளிப்பட்டது. எத்தனாலை மீத்தேனாக்கும் ஒரே உயிரி என்று பல காலம் நம்பப்பட்ட ‘மெத்தனோபாசில்லஸ் ஒமெலியான்ஸ்கி’ உண்மையில் இரண்டு உயிரிகள் சேர்ந்து வாழும் கூட்டம் என்று பிரையன்ட், வொல்ஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அப்போது காட்டினார்கள். ஒன்று ஹைட்ரஜனைக் கொடுக்கும், மற்றது வாங்கும். அதன் பிறகு, கலனுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் முழுவதும் ஹைட்ரஜன் என்ற நாணயத்தில்தான் நடக்கிறது என்று பாடநூல்கள் எழுதின.

2010-இல் அந்தப் படம் கொஞ்சம் மாறியது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெரெக் லவ்லியின் ஆய்வுக் குழு, இரண்டு வகை ஜியோபாக்டர் பாக்டீரியாக்களை ஒன்றாக வளர்த்தபோது, அவை ஹைட்ரஜன் இல்லாமலே எலக்ட்ரானை நேரடியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துவதைக் கண்டது. ஹைட்ரஜனை உண்டாக்கி, அது நீரில் மிதந்துபோய் மறுபக்கம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம்; கம்பி போட்டது போல நேர் இணைப்பு. இதை உயிரினங்களுக்கிடையே நேரடி எலக்ட்ரான் பரிமாற்றம் என்கிறார்கள்.

பாக்டீரியாக்கள் இந்தக் கம்பியைத் தாமே நெய்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து மின்கடத்தும் பொருள் ஒன்றைக் கொடுத்தால் அந்தச் செலவு மிச்சம் அல்லவா? முதலில் நீர் வடிகட்டிகளில் வரும் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ குருணையை வைத்துப் பார்த்தார்கள், வேலை செய்தது. 2014-இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, மண்ணில் இடுவதற்கென எடுக்கும் கரியான பயோசாரைச் சோதித்தது. அவர்கள் பயன்படுத்திய பயோசார், கார்பன் குருணையைவிட 1000 மடங்கு குறைவாகவே மின்சாரம் கடத்தியது. ஆனாலும் பரிமாற்றம் தூண்டப்பட்டது. நுண்ணோக்கியில் பார்த்தபோது செல்கள் கரியின்மேல் ஒட்டியிருந்தன, ஒன்றையொன்று தொடாமல். எலக்ட்ரான் கரி வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

கடத்தும் திறன் குறைவாக இருந்தும் எப்படி? கரி வெறும் கம்பி மட்டுமில்லை. அதன் மேற்பரப்பில் குயினோன் என்ற வேதிக்குழுக்கள் உண்டு. அவை எலக்ட்ரானை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கொடுக்கக்கூடியவை. மின்கலம் போல என்று சொன்னால் அவ்வளவு தவறாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன ஆய்வுகள் இரண்டே உயிரிகளை வைத்து, எத்தனாலை உணவாகக் கொடுத்து, கண்ணாடிக் குழாயில் நடந்தவை. சாணக் கலனில் ஆயிரக்கணக்கான இனங்கள் வாழ்கின்றன. அங்கே கரி போட்டு எரிவாயு கூடியதும் ‘நேரடி எலக்ட்ரான் பரிமாற்றத்தால்தான் கூடியது’ என்று எழுதிவிடும் கட்டுரைகள் நிறைய. அவற்றில் பல அதை நேரில் அளந்ததில்லை. சில பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கூடியதை வைத்து ஊகிக்கின்றன. ஊகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் நிரூபணம் வேறு.

கரி என்றால் எந்தக் கரி

பயோசார் என்பது மரம், வைக்கோல், உமி, சாணம் போன்ற உயிர்ப்பொருளைக் காற்று மிகக் குறைவாக உள்ள அடுப்பில் ஏறத்தாழ 350 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி எடுக்கும் கரி. அடுப்புக்கரியும் இதே குடும்பம்தான். எரிக்க எடுப்பது அடுப்புக்கரி, மண்ணுக்கோ இதுபோன்ற வேலைக்கோ எடுப்பது பயோசார். ஒரே பெயரில் வந்தாலும் ஒரு கரிக்கும் இன்னொரு கரிக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகாததற்கு இதுவும் காரணம்.

400 டிகிரியை ஒட்டி எடுத்த கரியில் வேதிக்குழுக்கள் அதிகம், மின்கடத்தும் திறன் குறைவு. 700-ஐத் தாண்டினால் கடத்தும் திறன் ஏறும், வேதிக்குழுக்கள் கருகிப் போகும். மரக்கரியில் சாம்பல் குறைவு. உமிக்கரியில் சிலிக்கா மிகுதி. சாணக்கரியில் பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் சேர்ந்த சாம்பல் இருக்கும். அது கரைசலில் காரத்தன்மையைக் கூட்டும்.

விற்பனைத் தாள்களில் பெரிதாக அச்சிடப்படுவது மேற்பரப்பளவு: ஒரு கிராமுக்கு இத்தனை நூறு சதுர மீட்டர் என்று. சாணக் கலனுக்கு அந்த எண் பெரிதாக உதவாது. அந்தப் பரப்பின் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் சிறிய துளைகளின் உட்சுவர். பாக்டீரியாவின் அளவோ ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர், அதாவது துளையைவிட 500 மடங்கு பெரியது. ஊசிக் காதில் யானை. நுண்ணுயிரிகளுக்கு வீடாவது, செடி உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் கருகி நிற்கும் பெரிய துளைகளும் கரியின் வெளிமுகமும்தான்.

கரியின் மற்ற வேலைகள்

குடியிருப்பு. மெதுவாகப் பெருகும் ஆர்க்கியாக்கள் வெளியேறும் கரைசலோடு அடித்துச் செல்லப்படாமல் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. கூட்டாளிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குடியேறுவதால் ஹைட்ரஜன் வழியாக நடக்கும் பழைய பரிமாற்றமும் வேகமாகிறது. எலக்ட்ரான் கதை முழுக்கப் பொய்த்துப்போனாலும் இந்தப் பயன் நிற்கும்.

அமிலத் தாங்கல். சாம்பலில் உள்ள கார உப்புகள், அமிலம் திடீரென்று ஏறும்போது பிஎச் சரிவைக் கொஞ்சம் தடுக்கும். சாணத்துக்கு இயல்பாகவே தாங்கும் திறன் உண்டு என்பதால், காய்கறிக் கழிவு போன்ற எளிதில் புளிக்கும் பொருளைச் சாணத்தோடு சேர்க்கும் கலன்களில்தான் இது அதிகம் தெரியும்.

கந்தகம். கரியின் காரமும் இரும்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கும். எஞ்சின் ஓட்டுபவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் இதற்குக் கரியைக் கலனுக்குள் கொட்டுவதைவிட எரிவாயுக் குழாயில் வடிகட்டியாக வைப்பதுதான் சிக்கனம்.

அம்மோனியா. இதைப் பற்றித்தான் தவறான விளக்கம் அதிகம் உலவுகிறது. கோழிக்கழிவில் நைட்ரஜன் மிகுதி. அது சிதையும்போது அம்மோனியா உருவாகி மீத்தேன் ஆர்க்கியாக்களை முடக்குகிறது. கரி அம்மோனியாவை உறிஞ்சி அவற்றைக் காப்பாற்றுகிறது என்பது வழக்கமான விளக்கம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 4 கிராம் அம்மோனிய நைட்ரஜன் உள்ள கரைசல். அதில் லிட்டருக்கு 10 கிராம் கரி. ஒரு கிராம் கரி 5 மில்லிகிராம் பிடிக்கும் என்று வைத்தால், மொத்தம் பிடிபடுவது 50 மில்லிகிராம். 4000-இல் 50. அதாவது 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். இது நுண்ணுயிரிக்கு எந்த நிம்மதியையும் தராது.

ஆனாலும் அம்மோனியா மிகுந்த கலன்கள் கரி போட்டபின் தேறுவது உண்மை. உறிஞ்சுவதைவிட, ஒட்டி வாழ இடம் கிடைப்பதும் கூட்டாளிகளுக்கிடையே பரிமாற்றம் எளிதாவதுமே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. அம்மோனியா அப்படியே இருக்கிறது. அதைத் தாங்கும் திறன் கூடுகிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நஞ்சாவது கரைசலிலுள்ள அம்மோனியம் அயனி இல்லை, அதிலிருந்து பிரியும் தனி அம்மோனியா. 35 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதம்தான் தனி அம்மோனியாவாக இருக்கும். பிஎச் 8 ஆனால் 10 சதவீதம். 55 டிகிரியில் ஓடும் கலனில் அதே பிஎச் 8-க்கு 28 சதவீதம்வரை போகும். கோழிக்கழிவுக் கலனில் சாம்பல் மிகுந்த காரக் கரியைக் கொட்டினால் பிஎச் ஏறி நஞ்சும் ஏறும். மருந்தே நோயாகும் இடம் இது. கரி போட்டு எரிவாயு குறைந்தது என்று வரும் செய்திகளில் சிலவற்றுக்கு இந்த வழியில் விளக்கம் கிடைக்கும். அளவுக்கு மீறிக் கரி போட்டதும் இன்னொரு காரணம்.

தாண்ட முடியாத உச்சவரம்பு

கரி நுண்ணுயிரிகளுக்கு உணவு இல்லை. நன்கு கருகிய கரியை அவற்றால் கலனில் இருக்கும் காலத்துக்குள் தின்ன முடியாது. எனவே மீத்தேனில் உள்ள கார்பன் சாணத்திலிருந்துதான் வர வேண்டும். சிதையக்கூடிய பொருள் எவ்வளவோ அவ்வளவுதான் மீத்தேன். வேதியியல் வகுத்த வரம்பு, ஒரு கிலோ வேதி ஆக்சிஜன் தேவைக்கு (பொருளை முழுவதும் ஆக்சிஜனேற்ற வேண்டிய ஆக்சிஜனின் எடை) 0.35 கன மீட்டர் மீத்தேன். எதைப் போட்டாலும் இதைத் தாண்ட முடியாது.

மாட்டுச் சாணத்துக்கு இந்த வரம்பு ஏற்கெனவே தாழ்ந்தது. மாட்டின் இரைப்பையே ஒரு செரிமானக் கலன். எளிதில் சிதைவதை அது எடுத்துக்கொண்டு, கடினமானதை வெளியே தள்ளுகிறது. அதனால் ஒரு கிலோ எரியும் திடத்துக்கு (உலர்ந்த சாணத்தில் சாம்பல் நீங்கலான, எரிந்துபோகும் பகுதி) ஏறத்தாழ 0.2 கன மீட்டர் மீத்தேன்தான் எதிர்பார்க்கலாம். பன்றிக் கழிவிலும் கோழிக்கழிவிலும் இதைவிட அதிகம் கிடைக்கும்.

இப்போது தொடக்கத்தில் இருந்த புதிருக்கு வரலாம். சீராக ஓடும் மாட்டுச் சாணக் கலன், கிடைக்கக்கூடியதில் பெரும்பகுதியை ஏற்கெனவே கறந்துவிடுகிறது. அங்கே கரி போட்டால் 5 சதவீதம் கூடும், அல்லது எதுவும் கூடாது. அமிலம் தேங்கித் திணறும் கலனோ, தன் திறனில் பாதியில் நிற்கிறது. அங்கே கரி நெரிசலை எடுத்துவிட்டால் இரு மடங்காகும். இரண்டும் ஒரே கரியாகக்கூட இருக்கலாம். ‘கரி எரிவாயுவை எத்தனை சதவீதம் கூட்டும்?’ என்ற கேள்விக்குக் கலன் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடை கிடையாது.

சதவீதம் காட்டும் மாயம்

‘எரிவாயுவில் மீத்தேன் 90 சதவீதத்தைத் தாண்டியது’ என்ற வகைச் செய்தியும் வரும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் கழிவுநீர்ச் சேற்றில் மக்காச்சோளத் தட்டைக் கரியைக் கலந்து அப்படிச் செய்து காட்டினார்கள். கரியின் சாம்பலில் இருந்த கார உப்புகள் கரியமில வாயுவைப் பிடித்துக் கரைசலிலேயே நிறுத்திக்கொண்டன.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் நன்றாகக் கவனிக்க வேண்டும். 60 லிட்டர் மீத்தேனும் 40 லிட்டர் கரியமில வாயுவும் உள்ள கலவையில் கரியமில வாயு 7 லிட்டராகக் குறைந்தால் மீத்தேன் 90 சதவீதமாகிவிடும். மீத்தேன் அதே 60 லிட்டர்தான். குழாயில் அனுப்ப, உருளையில் அடைக்க இது பெரிய உதவி. அடுப்பு எரிப்பவருக்குக் கிடைக்கும் வெப்பம் கூடவில்லை. மேலும், கார உப்பு தீர்ந்ததும் வேலை நின்றுவிடும். புதுக் கரி தொடர்ந்து போட வேண்டும், அதுவும் மிக அதிக அளவில்.

ஆய்வு முடிவைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. ஒப்பிட வைத்த கலன் எப்படி இருந்தது? கரி போடாத கலன் புளித்துச் செத்துப் போயிருந்தால், ‘300 சதவீதம் அதிகம்’ என்பது அந்தக் கலனின் தோல்வியை அளந்த எண்.
2. பாட்டிலா, தொடர் ஓட்டமா? ஒருமுறை நிரப்பி மூடிய பாட்டிலில் கரி அப்படியே இருக்கும். தினமும் ஊற்றி எடுக்கும் கலனில் கரியும் வெளியே போகும்.
3. எந்த நாளின் கணக்கு? கரி போட்டதில் எரிவாயு சீக்கிரம் தொடங்கும். 10-ஆம் நாள் பார்த்தால் பெரிய இடைவெளி, 60-ஆம் நாள் பார்த்தால் இரண்டு கோடுகளும் ஒட்டிப்போகும். வேகம் கூடியதா, மொத்தம் கூடியதா என்பது வேறு வேறு கேள்வி. வேகம் கூடினாலும் லாபம்தான்: அதே கலனில் அதிகச் சாணம் ஊற்றலாம், அல்லது சிறிய கலனே போதும்.
4. கரியை மட்டும் போட்ட பாட்டில் இருந்ததா? குறைந்த வெப்பத்தில் எடுத்த கரியில் ஒட்டியிருக்கும் கரிம எச்சங்களே கொஞ்சம் எரிவாயு தரும். அதைக் கழித்திருக்க வேண்டும்.
5. மணல் போட்ட பாட்டில் இருந்ததா? ஒட்டிக்கொள்ள ஏதோ ஒரு துகள் போதுமா, கரிதான் வேண்டுமா என்பதை இது ஒன்றே பிரித்துக் காட்டும். மிகச் சில ஆய்வுகளே இதைச் செய்கின்றன என்பதுதான் என் குறை.
6. ‘எரியும் திடம் இத்தனை சதவீதம் சிதைந்தது’ என்ற அளவு எப்படி எடுக்கப்பட்டது? உலர்ந்த மாதிரியை 550 டிகிரியில் எரித்து எடை இழப்பைப் பார்ப்பது வழக்கமான முறை. அந்த உலையில் கரியும் சேர்ந்து எரியும். சிதையாத கரி, சிதையாத சாணமாகக் கணக்கில் ஏறிவிடும்.

ஆற்றல் கணக்கு: சங்கடமான ஒரு விடை

ஒரு கற்பனைக் கலனை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 100 கன மீட்டர். சாணக் கரைசல் சராசரியாக 40 நாள் தங்குகிறது. ஆகத் தினமும் 2.5 கன மீட்டர் உள்ளே, அதே அளவு வெளியே. கரைசலில் எரியும் திடம் 8 சதவீதம் என்றால் நாளுக்கு 200 கிலோ. கிலோவுக்கு 0.2 வீதம் 40 கன மீட்டர் மீத்தேன்.

ஆய்வுகளில் சாதாரணமாகக் காணும் அளவான லிட்டருக்கு 10 கிராம் கரி என்று வைத்தால், தொடக்கத்தில் 1 டன் கரி வேண்டும். கலன் நன்கு கலக்கப்படுகிறது என்றால் வெளியேறும் 2.5 கன மீட்டரோடு தினமும் 25 கிலோ கரி போய்விடும். அளவு குறையாமலிருக்கத் தினமும் 25 கிலோ சேர்க்க வேண்டும்.

எரிவாயு 10 சதவீதம் கூடுகிறது என்று தாராளமாக எடுத்துக்கொள்வோம். கூடுதல் மீத்தேன் 4 கன மீட்டர். கன மீட்டருக்கு 36 மெகாஜூல் வீதம் 144 மெகாஜூல். அந்த 25 கிலோ மரக்கரியை நேராக அடுப்பில் எரித்திருந்தால்? கிலோவுக்கு 28 மெகாஜூல் என்றாலும் 700 மெகாஜூல். ஏறத்தாழ ஐந்து மடங்கு. கரியில் இருந்த ஆற்றலைக் கூடுதல் எரிவாயுவாகத் திரும்பப் பெற வேண்டுமென்றால் உற்பத்தி 50 சதவீதம் கூட வேண்டும். சீராக ஓடும் கலனில் அது நடக்காது.

அப்படியானால் கரியை வெறும் எரிபொருள் பெருக்கியாகப் பார்ப்பது தவறான பார்வை. கணக்கு சரிப்படும் இடங்கள் வேறு:

- திணறும் கலனை மீட்க. புளித்துப்போன கலனைக் காலி செய்து மறுபடி தொடங்கினால் வாரக்கணக்கில் எரிவாயு இல்லை. ஒருமுறை போடும் கரி அந்த இழப்பைக் குறைத்தால் போதும்.
- புதுக் கலனைத் தொடங்கும்போது, நுண்ணுயிர்க் கூட்டம் நிலைபெறும்வரை.
- கோழிக்கழிவு போன்ற கடினமான மூலப்பொருளோடு தொடர்ந்து ஓட வேண்டியிருக்கும்போது. இங்கே சாம்பல் குறைந்த கரி வேண்டும்.
- கரி எப்படியும் நிலத்துக்குப் போகவிருக்கும்போது. வழியில் கலனுக்குள் 40 நாள் தங்கிப் போவதற்குக் கூடுதல் கரி எதுவும் செலவாவதில்லை.

கரி வெளியேறாமல் தடுக்கும் முயற்சிகளும் உண்டு: வலைப்பையில் கட்டித் தொங்கவிடுவது, நிலையான படுகையாக வைப்பது. தெளிந்த கழிவுநீரில் இவை சரிப்படும். சாணத்தில் நார் வந்து அடைத்துக்கொள்ளும். அரைக்காத கரி மிதந்து மேலே ஆடையாகப் படியும், மிக நுண்ணிய தூள் பறந்து மூச்சில் போகும் என்பதால் ஈரப்படுத்தி, ஓரிரு மில்லிமீட்டர் குருணையாக, உள்ளே ஊற்றும் கரைசலோடு கலந்தே விடுவது நடைமுறைக்கு உகந்தது. ஒரே நாளில் முழு அளவையும் கொட்டக் கூடாது. காரம் திடீரென்று ஏறும்.

வெளியேறும் கரைசலில்

கரியின் கடைசிப் பயணம் வயலை நோக்கி. புதிதாகச் சுட்ட கரியை நேராக மண்ணில் போட்டால் முதலில் அது மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது உண்டு. பயிர் சில காலம் வெளுத்து நிற்கும். கலனில் ஊறி வந்த கரி, அம்மோனியமும் பாஸ்பேட்டும் கரிமச் சத்துகளும் ஏற்கெனவே படிந்த நிலையில் வருவதால் அந்தச் சிக்கல் குறைவு. கலனில் 1 சதவீதமே பிடிக்கிறது என்று மேலே சொன்னது நுண்ணுயிரிகளுக்கான கணக்கு. தொட்டியில் தேங்கி நிற்கும்போது காற்றில் பறக்கும் அம்மோனியாவைக் குறைக்க, மேலே மிதக்கவிடும் கரிப் படலம் நன்றாகவே உதவும். அங்கே கரி மூடியாக வேலை செய்கிறது.

மண்ணில் சேர்ந்த கார்பனின் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். திரும்ப எடுக்க முடியாது என்பதும் இதற்குள்தான் இருக்கிறது. மரத்தைச் சூடாக்கி எரிவாயு எடுக்கும் அடுப்புகளிலிருந்து மலிவாகக் கிடைக்கும் தார் படிந்த கரியில் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சுப் பொருட்கள் இருக்கலாம். சாயம் பூசிய மரத்திலிருந்து எடுத்த கரியில் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் வரலாம். கலன் இவற்றைச் சுத்தப்படுத்தாது. ஐரோப்பியப் பயோசார் சான்றிதழ் போன்ற தர முறைகள் இவற்றுக்கு உச்ச அளவு வகுத்திருக்கின்றன. கரியில் ஹைட்ரஜனுக்கும் கரிமக் கார்பனுக்கும் உள்ள அணு விகிதம் 0.7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒரு விதி. சரியாகக் கருகாத கரியை அது கழித்துவிடும்.

திடத்தையும் திரவத்தையும் பிரிக்கும் பிழிவான் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குருணைக் கரி பெரும்பாலும் பிழிந்த திடத்தோடு போய்விடும். திரவத்தை ஒரு நிலத்துக்கும் திடத்தை இன்னொரு நிலத்துக்கும் அனுப்பினால், கரி போய்ச் சேருவது இரண்டாவது நிலத்துக்குத்தான்.